காலைக் கோப்பி

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தம்புசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி சீதாலெட்சுமிக்கு அவரைவிட அதிகமாக வியர்த்தது.

தாதி வசுந்தரா அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, நாக்குக்கு அடியில் அடிக்கும் மருந்துக் குப்பியை எடுத்தாள்.

"அங்கிள், வெட்கப்படாம சொல்லுங்க. ஆம்பளைங்களுக்குன்னு விக்கிற சக்தி மாத்திரை, கோப்பி ஏதாச்சும் எடுத்தீங்களா? அதோட இது சேந்தா பிரஷர் தடால்னு விழுந்துரும். உயிருக்கே ஆபத்து."

"என்னம்மா பேசுற!" வலியிலும் அவர் குரல் ஏறியது. "என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? சாமி சத்தியமா தொட்டதில்ல!"

சீதாலெட்சுமி தாதியின் கையிலிருந்த குப்பியையே பார்த்தாள்.

வசுந்தரா மூடியைத் திறந்தாள். "சரி, நாக்கைத் தூக்குங்க."

"மிஸி, அடிக்காதீங்க!" சீதாலெட்சுமி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, மாத்திரைய நான்தான் வாங்கினேன். காலையிலகூட பொடிச்சு அவரு கோப்பியில கலந்தேன். அவருக்குத் தெரியாது!"

வசுந்தரா குப்பியை அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வந்தார், மருந்தை மாற்றினார். ஊசி வழியாக வேறு மருந்து இறங்க இறங்க, வலி மெல்ல விட்டது.

தம்புசாமி கண்ணைத் திறந்து மனைவியை முறைத்தார். திட்டு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்தாள்.

"அடிப்பாவி!" என்றார் அவர் பரிதாபமாக. "எனக்கு இளமை திரும்பிருச்சுன்னு கோயில் கமிட்டி பூரா சொல்லிட்டு வந்துட்டேனேடி!"