பதினைந்து விநாடி

வியாழக்கிழமை மதியம் மூன்றாவது தடவையும் திரையில் தோல்வி என்று சிவப்பு விழுந்தபோது ஹேமாவதிக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. கோளாறு அவள் எழுதிய சோதனையில் இல்லை. வெப்சைட்டில்தான் இருந்தது.

அவள் வேலை பார்த்த கம்பெனி அல்லிநகரத்தில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தம் பதினாலு பேர். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டயாலிசிஸ் முன்பதிவு வெப்சைட் செய்துகொண்டிருந்தார்கள். கிட்னி போனவர்கள் இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. செல்போனில் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, 'பதிவு செய்' என்ற பட்டனை அமுக்கினால் போதும். மனுசர் அமுக்குவது போலவே அமுக்கிப் பார்க்கிற ஸ்கிரிப்டை எழுதுவதுதான் ஹேமாவதியின் வேலை.

மெஷினுக்குப் பொறுமை கிடையாது. பக்கம் திறந்து முடிவதற்குள் அடுத்ததைத் தேடும், காணோமென்று அங்கேயே விழுந்துவிடும். ஆகவே எங்கே எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன நடந்தாலும் சரி, இத்தனை விநாடி தூங்கு என்று எழுதலாம். அது சோம்பேறிகள் எழுதுவது. ஹேமாவதி எழுதுவது வேறு மாதிரி. பதிவு எண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு, வந்ததும் மேலே போ, ஐந்து விநாடியில் வராவிட்டால் தோல்வி என்று சொல். அந்த ஐந்து விநாடியில்தான் சிவப்பு விழுந்தது.

அவளே போனை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பக்கம் அசையவில்லை. அமுங்கவில்லையோ என்று இன்னொரு தடவை அமுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. ஆஸ்பத்திரி பட்டியலைத் திறந்து பார்த்தால் அவள் பதிவைக் காணோம். இரண்டாவது தடவை அமுக்கியதை, ரத்து செய்யச் சொன்னதாக சர்வர் எடுத்துக்கொண்டிருந்தது.

கம்பெனி தங்கப்பாண்டியனுடையது. கண்ணாடி அறைக்குள் போய் அவள் விஷயத்தைச் சொன்னதும், அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒருத்தன் எதுக்கு ரெண்டு தடவை அமுக்கப் போறான்?"

"பன்னெண்டு செகண்டுக்கு ஒண்ணுமே அசைய மாட்டேங்குது சார். நானே அமுக்கிட்டேன்."

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில இருந்து வாராக. ரிப்போர்ட்ல ஒரு சிவப்பு இருந்தாலும் வாங்கமாட்டோம்னு சொல்லிட்டாக. அந்த அஞ்சைத் தூக்கிட்டு, பதினஞ்சு செகண்ட் தூங்க விடு. மத்ததை அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்."

"அது மூடி மறைக்கிற வேலை சார்."

"பச்சையா வருமா, வராதா?"

"வரும்."

"பெறகென்ன?"

அவள் நகராமல் நின்றாள். தங்கப்பாண்டியன் குரலை உயர்த்தவில்லை. "பண்ணைப்புரத்துல இருந்து காலைல பஸ்ஸேறி வந்து, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போயிர்ற. இப்படி ஒரு வேலை வேற எங்கன கிடைக்கும் உனக்கு? மூணு வயசுப் பிள்ளையை விட்டுட்டுச் சென்னைக்குப் போறியாம்மா? சொல்லு, நானே லெட்டர் தாரேன்."

ஹேமாவதி தன் இடத்துக்கு வந்தாள். மூன்று வரியை அழித்துவிட்டு ஒரு வரி எழுதினாள். ஸ்கிரிப்ட் ஒரு தடவை அமுக்கியது, பதினைந்து விநாடி தூங்கியது, கண் விழித்துப் பதிவு எண்ணைக் கண்டது. நாற்பத்தொரு சோதனையும் பச்சை. மறுநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். தங்கப்பாண்டியன் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவளும் தின்றாள்.

வெப்சைட் திறந்த இரண்டாவது சனிக்கிழமை, பொட்டிப்புரத்தில் யுவராணி என்ற பெண் தன் அப்பா வேலுச்சாமிக்குத் திங்கட்கிழமை காலை நேரத்தைப் பதிவு செய்தாள். பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு, "கிடைச்சிருச்சுப்பா" என்றாள். திங்கட்கிழமை ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிப் போனாள். பட்டியலில் பேரில்லை என்றார்கள். படுக்கை எல்லாம் நிரம்பியிருந்தது, புதன்கிழமை வரச் சொன்னார்கள். முந்தின வியாழக்கிழமைக்கு அப்புறம் அவர் ரத்தம் சுத்தமாகவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டு போகிற வழியில், ஆண்டிப்பட்டி தாண்டும்போது வேலுச்சாமி செத்துப்போனார்.

காரியம் முடிந்ததும் யுவராணியின் அண்ணன் வேல்பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து சத்தம் போட்டான். மேனேஜர் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டார். தங்கப்பாண்டியன் ஹேமாவதியைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்ல என்ன பதிவாகியிருக்கோ அதை மட்டும் வாசி" என்றார் வழியில். "பொய் சொல்லச் சொல்லல. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாத, அம்புட்டுத்தான்."

மேனேஜரின் ஏசி அறையில் அண்ணனும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். யுவராணிக்கு முப்பது வயதிருக்கும். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஹேமாவதி லேப்டாப்பைத் திறந்து வாசித்தாள். சனிக்கிழமை காலையில் இந்த நம்பரிலிருந்து பதிவு வந்திருக்கிறது. அதே நம்பரிலிருந்து, அதே பட்டனில், ரத்தும் வந்திருக்கிறது.

"நான் ரத்து பண்ணலையே" என்றாள் யுவராணி.

"ரெண்டாவது தடவை அமுக்குனீகளா?" என்று மேனேஜர் கேட்டார்.

"அது... ஒண்ணும் வரலைன்னு அமுக்குனேன். பெறகு பச்சையா வந்துச்சே. ஏத்துக்கிட்டோம்னு போட்டுச்சே."

"ரத்தைத்தானம்மா ஏத்துக்கிட்டிருக்கு."

யுவராணி ஹேமாவதியைப் பார்த்தாள். அந்த அறையில் இருந்த இன்னொரு பெண் அவள்தான். "ரெண்டாவது தடவை அமுக்காம இருந்திருந்தா அப்பாவுக்கு இடம் இருந்திருக்குமாக்கா?"

தங்கப்பாண்டியன் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இருந்திருக்கும்" என்றாள் ஹேமாவதி.

வேல்பாண்டி எழுந்தான். அவ்வளவு நேரமும் மேனேஜர் மேல் இருந்த அவன் கண் தங்கச்சி பக்கம் திரும்பியது. எல்லோர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தான். "அப்பனை நீதான்டி கொன்னிருக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவள் அழவில்லை. அடி தனக்குரியதுதான் என்பது போலத் தலையை ஆட்டினாள். புகார் எதுவும் இல்லை என்று மேனேஜர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது தங்கப்பாண்டியன், "நல்லா நிதானமாப் பேசுன" என்றார். அன்றைக்கே பட்டனைச் சரி செய்யச் சொன்னார். ஒரு தடவை அமுக்கியதும் மறு அமுக்கலை எடுக்காதபடி மாற்ற, அந்தப் பக்கத்துக்கு புரோகிராம் எழுதியவனுக்கு இருபது நிமிசம் ஆனது.

பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கி யுவராணி கூப்பிட்டாள். ஹேமாவதி மாடிப்படிக்கு வந்து பேசினாள்.

"அக்கா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீக. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மொதத் தடவை அமுக்குனதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எத்தன செகண்ட்னு அதுல இருக்குமா?"

இருந்தது. ஹேமாவதிக்கு மனப்பாடமாகவே இருந்தது. "ஒம்பது."

"எத்தன செகண்ட் இருந்திருந்தா வந்திருக்கும்?"

"பன்னெண்டு."

அந்தப் பக்கம் மெதுவாக எண்ணுகிற குரல் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. பன்னெண்டு வரைக்கும் எண்ணினாள். ஹேமாவதி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பக்கம் அசையாமல் நிற்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும், நானும் இரண்டு தடவை அமுக்கினேன், தப்பு உன்னுடையது இல்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது.

"இன்னும் மூணு செகண்ட்தானாக்கா" என்றாள் யுவராணி. "மூணு செகண்ட் பொறுக்க முடியல எனக்கு. எங்கண்ணன் பேசுறதில்ல. அம்மா என் கையால சோறு வாங்க மாட்டேங்கிறாக. சரியாத்தான செய்யிறாக?"

ஹேமாவதி கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள்.

"சொல்லுங்கக்கா. நீங்க படிச்சவுக."

மாடியிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "எனக்கு மீட்டிங் இருக்குங்க" என்று சொல்லி ஹேமாவதி போனை வைத்தாள். படியில் நின்றபடியே அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு உள்ளே போனாள். மீட்டிங்கில் தங்கப்பாண்டியன் அவளுக்காகத் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்.