கடல் சாமந்தியின் பசி

இடுக்கியை மீன் தொட்டிக்குள் விட்டதும், கடல் சாமந்தி என்கிற அந்தப் பிராணியின் இதழ் போன்ற கைகள் அதைப் பற்றிக்கொண்டன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தாள். சாமந்தியின் வாயோரம் ஒட்டியிருந்த இறால் இடுக்கியோடு வந்துவிட்டது. மீசை, கால்கள், வால் எல்லாம் இருந்தன. உள்ளே சதைதான் இல்லை. சாறு உறிஞ்சிய சக்கை மாதிரி இருந்தது.

பின்னால் ஆக்சிஜன் இயந்திரம் புஸ்ஸு புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்மூடிக் கிடந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் நேற்றே சொல்லியாயிற்று. தொட்டி பக்கத்திலேயே படுக்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. தினமும் கண் விழித்ததும் அவர் தேடுவது அம்மாவை அல்ல, இந்த இறாலைத்தான்.

அதை வாங்கி வந்ததும் அவள்தான். சாமந்தியும் இறாலும் ஒத்துப்போகுமா என்று அன்று அப்பாவிடம் கேட்டாள். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன், எதையும் யோசித்துத்தான் சொல்வார்.

"இருக்கலாம். ஆனா சாமந்திக்கு வயிறு நிறைஞ்சிருக்கணும். பசியில இருந்தா பக்கத்துல வந்தத இழுத்துப் போட்டுக்கும். மாமியார் மருமக கதைதான்."

"உங்கம்மா என்ன பாடு படுத்தினாங்கன்னு சொல்லவா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

அவர் படுத்த பிறகு சாமந்திக்கு மீன் துண்டு போடும் வேலை அவளுடையதாயிற்று. ஆஸ்பத்திரி அலைச்சலில் ஐந்து நாளாகப் போடவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம், "போட்டேம்பா" என்றாள். இனி இறாலைக் காணோமென்றால் அவருக்குத் தெரிந்துவிடும். மகளைப் பற்றி அவர் கடைசியாகத் தெரிந்துகொண்டு போவது அந்தப் பொய்யாகத்தான் இருக்கும்.

சக்கையை டப்பாவில் போட்டு மூடினாள். அதே அளவில் இன்னொன்று வாங்க வேண்டும்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"இறால் செத்துடுச்சும்மா. அப்பா முழிக்கறதுக்குள்ள வேற வாங்கிட்டு வந்துடறேன்."

"அவர் மூச்சே ஒரு மாதிரி இருக்குடி."

"ஊசி போட்டிருக்கும்மா, ஒரு மணி நேரம் தூங்குவார். இதோ வந்துட்டேன்."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகள் இல்லாத வேன் வளைவுகளில் கடகடத்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஃபோனைப் பார்த்தாள். அது அடிக்காத வரை நல்லது என்று சொல்லிக்கொண்டாள்.

மீன் கடைக்காரர் டப்பாவைத் திறந்து, சக்கையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? இது வெறும் தோலும்மா. வளர வளர உரிச்சுப் போடும்."

"சாமந்தி திங்கலையா?"

"தின்னிருந்தா காலு மீசையோட முழுசா விடுமா? தண்ணி ஓட்டத்துல போய் ஒட்டியிருக்கும். உங்காளு எங்கயாவது கல்லு சந்துல பதுங்கியிருப்பான். புதுத் தோல் கெட்டியாகற வரைக்கும் பயந்துட்டு வெளியவே வரமாட்டான். ஏம்மா, அப்பாகிட்ட காட்டலையா? எனக்கே இதச் சொல்லிக் கொடுத்தது அவருதான்."

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது, ஒரு நிமிடம். அப்பாவை எழுப்பிக் கேட்டிருந்தால் போதும். சாமந்திக்குத் தீனி போடாததையும் சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும். அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வேனை நோக்கி ஓடினாள்.

லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றிருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் படியேறினாள். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வாசலிலேயே அவள் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ கீழ இறங்கியிருக்க மாட்ட, முழிச்சுட்டார்."

அவள் கட்டிலருகே வந்தாள்.

"தொட்டியப் பார்த்தார். இறால் செத்துடுச்சு, அவ வேற வாங்கப் போயிருக்கான்னு சொல்லிட்டேன். எனக்குப் பொய் சொல்ல வரலடி."

"என்ன சொன்னார்?"

"பேச எங்க முடிஞ்சுது? இல்ல இல்லன்னு தலைய ஆட்டினார். கைய நீட்டிக் கண்ணாடியத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒண்ணும் புரியல. உன்னக் கூப்பிடத்தான் ஃபோனத் தேடினேன், அவர் தூங்கட்டும்னு சத்தத்த அணைச்சு வெச்சது, எங்க இருக்குன்னே தெரியல." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்புறம் வாசலையே பார்த்துட்டிருந்தார்."

எவ்வளவு நேரம் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மேல் மாடியில் குடியிருந்த பெரியம்மா இறங்கி வந்து, சாவு வீடென்றால் நாலு பேர் வருவார்கள் என்று கூடத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். ஈரத் துணியோடு தொட்டிப் பக்கம் குனிந்தாள்.

"கண்ணாடியெல்லாம் ஒரே கறையா இருக்கே."

"அத விட்டுடுங்க பெரியம்மா."

கட்டில் உயரத்துக்கு, கண்ணாடியில், விரல் பட்ட தடங்கள் நான்கைந்து ஒரே இடத்தில் இருந்தன. அவள் மண்டியிட்டு அதற்கு நேராகக் கண்ணை வைத்தாள். உள்ளே கல் சந்திலிருந்து இரண்டு வெள்ளை மீசைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் முகம் நெருங்கியதும் அவை உள்ளே மறைந்தன.