நீலம் இறங்கிய சுவர்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து அவர் மல்லாந்து படுத்திருந்தார். அவள் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சத்தை என் மூஞ்சில அடிக்காதே. குழாய்ல அடி."

"கை வலிக்குது. சீக்கிரம் முடிங்க."

"முப்பது வருஷமா இதையேதான் சொல்றே. கை இன்னும் கழண்டு விழலை."

வாஷரை மாற்றி, மரையை இறுக்கிவிட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டே அரை மணி நேரம் சாய்கிறேன் என்று உள்ளே போனார். அவள் டீ எடுத்துக்கொண்டு போனபோது ஒருக்களித்தபடியே கிடந்தார். இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட வாய் வரவில்லை. டாக்டர் வந்தார். வந்து அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துக் கீழ்வீட்டுத் தையல்காரி மாடிப்படி ஏறி வந்தாள். ஆறு வருடமாகக் கீழே குடியிருப்பவள். முன்னறையில் மிஷினைப் போட்டுப் பிழைக்கிறாள். கையில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அதைத் திருப்பி உள்துணியைக் காட்டினாள். சாம்பல் தூவினாற்போலப் பூஞ்சை பிடித்திருந்தது.

"அக்கா, இது என் கோட்டு இல்லை. கஸ்டமரோடது. சுவர் பக்கம் மாட்டி நாலு நாள்தான் ஆச்சு."

"மூலைல ஈரமா?"

"மூலை மட்டும் இல்லை, இப்ப பாதிச் சுவர் வந்தாச்சு. நீங்க இருக்கிற நிலைமைல சொல்லக் கூடாதுன்னுதான் பொறுத்தேன். மாசக் கடைசில காலி பண்ணிக்கறேன்க்கா. பக்கத்துத் தெருவுல ஒரு கடை பாத்து வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலமே கொழுந்தன் வந்துவிட்டார். தம்பிக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று அவள் கணவர் கிண்டல் செய்வதுண்டு. வீட்டை வாங்க ஒருவர் தயாராக இருப்பதாகக் கொழுந்தன் முன்பே ஒரு முறை சொல்லியிருந்தார். இப்போது கீழே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் இருந்தவரைக்கும் சரி, அண்ணி. ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டே தூங்குற மனுஷன். உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? வித்துட்டு மக வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

"மக வீட்டுல நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"அதான் கேக்கறேன்."

அவளே தொடர்ந்தாள். "இந்த மாசம் முடியட்டும் தம்பி. அந்த ஈரத்தை என்னால நிறுத்த முடியலைன்னா, தையல்காரி கிளம்புற அன்னிக்கே நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறேன். நிறுத்திட்டா, விக்கிற பேச்சை நீங்க எடுக்கக் கூடாது."

"இருபத்திரண்டு நாள்தான் இருக்கு."

"எண்ணத் தெரியும்."

மறுநாளே பிளம்பருக்குச் சொல்லி அனுப்பினாள். அவருக்குத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில். அதிசயமாக மூன்றாம் நாளே வந்துவிட்டார். வந்ததும் உளியை எடுத்துக் கீழ்வீட்டுச் சுவரில் வைத்தார்.

"எங்க கசியுதுன்னு தெரிஞ்சுடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"உடைச்சாத்தானேம்மா தெரியும்."

"தெரிஞ்சாத்தான் உடைக்கணும். உளியை உள்ள வைங்க."

அது அவள் கணவரின் வழக்கம். காரணம் தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க மாட்டார். முதலில் ஈரக்கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் தேதி எழுதினாள். பிறகு மேலும் கீழும் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு வாசலில் தண்ணீர் மீட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அதன் முள் அசையவில்லை. ஆக, தண்ணீர் வருகிற குழாயில் ஓட்டை இல்லை. போகிற வழியில்தான் எங்கோ கசிகிறது.

கறைக்கு நேர் மேலே இருந்தது அவர்கள் வீட்டுக் குளியலறை.

"ஒரு கையகலம் பெயின்டைச் சுரண்டிக் காட்டுங்க" என்றாள். பிளம்பர் 'நாளைக்கு' கரண்டியால் சுரண்டினார். மேலே வெளிர்மஞ்சள், அதன் கீழே இளஞ்சிவப்பு, பிறகு மீண்டும் மஞ்சள், அப்படியே போய்க் கடைசியில் பச்சை. வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டே வந்தது.

"ஏழு கோட்டிங்க்ம்மா. இந்த மூலைக்கு மட்டும் தனியா அடிச்சிருக்காங்க."

"சார்தான்" என்றாள் தையல்காரி. "நான் வந்தப்பவே ஈரம் இருந்துச்சு. வருஷா வருஷம் நான் தங்கச்சி வீட்டுக்குப் போற வாரத்துல அடிச்சு வச்சிருவாரு. இந்த வருஷம்தான் அவரு…"

அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். தையல்காரிக்கு முன்னால் குடியிருந்த கம்பவுண்டர் கேட்ட நிறம். ஊரில் எந்த வீட்டுக் கசிவையும் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்த மனிதர், தன் வீட்டுக் கசிவுக்கு ஏழு முறை பெயின்ட் அடித்திருக்கிறார். அவர் போன பிறகு முதல்முறையாக அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. மாடிக்கு வந்து குளியலறை வாசலில் நின்றாள். அங்கே நின்றபோதுதான் நினைவு வந்தது.

எத்தனையோ வருடம் முன்னால் இதே வாசலில் நின்று அவர் சொன்னார்: "தரைக்கு அடில, ட்ராப்பு கிட்ட ஒரு தடவை பிரிச்சுப் பாக்கணும். பத்து நாள் ஆகும்." அவள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "இருக்கிறது ஒரே ஒரு பாத்ரூம். அதையும் உடைச்சுட்டா நான் தெருவுலயா குளிக்கிறது? பேசாம இருங்க." பேசாமல் இருந்துவிட்டார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போகத் தொடங்கிவிட்டார்.

கோபத்தை யார்மேல் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. துணிக்குப் போடும் சொட்டு நீலம் அரைப் புட்டியை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கினாள். கசிவு தரையிலா குழாயிலா என்று தெரிய, தரையில் ஒரு துளி படாமல், துளையை மூடிய ஜாலித் தட்டைத் தூக்கிவிட்டு, வடிகிற துளைக்குள் மட்டும் புனல் வைத்து ஊற்றினாள். அன்றும் மறுநாளும் அந்த அறைக்குள் வேறு தண்ணீர் விடவில்லை.

மறுநாள் மதியம் தையல்காரி கீழிருந்தே குரல் கொடுத்தாள். "அக்கா, உங்க சுவருக்கு நீலம் போட்டாச்சு. வந்து பாருங்க."

சுரண்டிய இடத்தின் மேல் ஓரத்தில், நரம்பு மாதிரி மெல்லிய நீலக்கோடு ஒன்று இறங்கியிருந்தது.

"இப்ப உளியை எடுங்க" என்று அவள் நாளைக்குவிடம் சொன்னாள். "கீழே வேணாம். மேல. என் பாத்ரூம்ல."

அந்த டைல்ஸ் அவர் கையால் ஒட்டியவை. முதல் அடி விழுந்தபோது அவள் கூடத்தில் நிற்காமல் உள்ளேயே நின்றாள். நாலு டைல்ஸ், கீழே மணல், அதன் கீழே ட்ராப் என்கிற வளைகுழாய். அதிலிருந்து வெளிக்குழாய் சுண்டுவிரல் அளவுக்கு விலகி நின்றது. விழுகிற தண்ணீரில் பாதி வெளியே போக, பாதி மணலுக்குள் இறங்கியிருக்கிறது.

"சின்ன வேலைதான்ம்மா. இதுக்கா இத்தனை வருஷம்?" என்றார் நாளைக்கு.

அவள் டார்ச்சைக் குழாய்மேல் நேராகப் பிடித்தாள்.

வேலை முடிகிறவரை குளிப்பதற்குக் கீழே போனாள். காலையில் தையல்காரி மிஷினில் உட்காரும் முன்னால், தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாகக் கதவைத் தட்டுவாள்.

"வாங்க, வாங்க. வீட்டுக்காரம்மாவே குடித்தனம் வந்துட்டீங்க. அட்வான்ஸ் கொண்டு வந்தீங்களா?"

"தண்ணி சூடா இருந்தாத்தான் அட்வான்ஸ்."

புது ட்ராப் வைத்து, இணைப்பை ஒட்டி, மேலே ஈரம் தடுக்கும் பூச்சும் இரண்டு தடவை பூசி முடிந்தது. நாளைக்குவுக்கு அன்றே டைல்ஸ் ஒட்டிவிட்டுக் கிளம்ப ஆசை.

"நாளைக்கு" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"டைல்ஸ் நாளைக்குத்தான். துளையைத் துணி வச்சு அடைங்க. தரை முழுக்கத் தண்ணி நிக்கட்டும்."

தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தாள். ஒரு முழு நாள் கழித்துப் பார்த்தபோது மட்டம் ஒரு நூல்கூட இறங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சிமென்ட் குழைக்க விட்டாள்.

கீழே வேறு சண்டை. தையல்காரி அந்த மூலையில் உடனே பெயின்ட் அடிக்கச் சொன்னாள். கஸ்டமர் முகம் சுளிக்கிறார்களாம்.

"காயாத சுவர்ல அடிச்சா உள்ள இருக்கிற ஈரம் எங்க போகும்? ஃபேனைப் போடு. வெள்ளையா உப்புப் பூத்தா ஈரத்துணியால துடைக்காதே, காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடு. அப்புறம் பெயின்டுக்கு நானே வரேன்."

"சார் இருந்திருந்தா அடிச்சுக் குடுத்திருப்பாரு."

"அதனாலதான் நான் அடிக்கலை."

மாதக் கடைசி நாள் கொழுந்தன் காகிதங்களோடு வந்தார். தையல்காரியோடு மூவரும் சுவர் முன்னால் நின்றார்கள். பெயின்ட் இல்லாத சுவர் சொறி பிடித்தாற்போல இருந்தது. அழகாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேதி எழுதிய பென்சில் கோட்டுக்குள் ஈரம் சுருங்கி, ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்கு வந்திருந்தது. கொழுந்தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைத் திருப்பியும் பார்த்தார்.

"இன்னும் முழுசாக் காயலையே, அண்ணி."

"காயறதுக்கு நாள் ஆகும். கசிவு நின்னாச்சு. நான் சொன்னது அதைத்தான்."

அவர் தையல்காரியைப் பார்த்தார். "நீங்க இன்னிக்குக் கிளம்பறதாச் சொன்னீங்க."

"அந்தக் கடைக்காரருக்கு வரலைன்னு முந்தாநாளே சொல்லிட்டேன் சார்."

"ஏன்?"

"போய்ப் பாத்தேன். மூலைல மட்டும் பளபளன்னு புதுப் பெயின்ட். மோந்து பாத்துட்டு வந்துட்டேன்."

கொழுந்தன் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல் வரை போனவர் தயங்கி நின்றார்.

"அண்ணி, எங்க வீட்டு மாடிலயும் ஒரு கறை இருக்கு. அந்த நீலம் எவ்வளவு ஊத்தணும்?"

"முதல்ல மீட்டரைப் பாருங்க தம்பி. அப்புறம் நீலம்."

மிச்சச் சாமான்களை எடுக்க அன்றுதான் வந்திருந்த 'நாளைக்கு' அவற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். போகிறபோது குளியலறைக் கதவைச் சாத்திப் பார்த்தார். தாழ்ப்பாள் ஏறவில்லை.

"கதவு இறங்கியிருக்கும்மா. அடில கொஞ்சம் செதுக்கிட்டா சரியாயிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"அது எனக்குப் பழக்கம். விட்டுடுங்க."

அந்தக் கதவை இன்றும் முழங்காலால் லேசாகத் தூக்கித்தான் தாழ்ப்பாள் போட வேண்டும்.