பின்னறைக்கு வந்த கூட்டம்

கோச் பேசினால் தேன் ஒழுகும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக்கு எதிர்த் தெருவில் தொடங்கும் காட்டுப் பூங்காவுக்குள் ஆட்களை வெறுங்காலோடு நடக்கவைத்து, மரத்தடியில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, "மூக்கு வழியா உள்ள வாங்குங்க... வாய் வழியா மெதுவா விட்டுடுங்க..." என்பார். அந்தக் குரலைக் கேட்டே தூக்கம் வந்துவிட்டது, படபடப்பு குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய மனைவிக்கு மட்டும் அந்தக் குரல் காதில் விழுந்தாலே குமட்டும்.

டைல்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்த காலத்தில் அவருக்கு அந்தக் குரல் கிடையாது. வேலை போனதும் இணையத்தில் ஏதோ மூச்சுப் பயிற்சி எடுத்து, கோச் ஆகி, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டினார். குரலும் கூடவே வந்தது. குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்று அதை ஒத்திகை பார்ப்பார். வெளியே வந்து, "டவல் எங்க வெச்சுத் தொலைச்ச?" என்று கத்தும்போது பழைய குரல்.

பின்னறையில் அவருடைய அப்பா கிடந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி மட்டும் கத்தி மாதிரி. வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை மருமகள்தான் டயபர் மாற்றித் துடைத்துவிடுவாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளர் முகத்துக்குக் கிட்டத்தில் கையைக் கொண்டுபோய் ஃப்ரேமைக் காதில் மாட்டும்போது உள்ளுக்குள் நடுங்குவாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அவர்கள் மோந்துவிடுவார்களோ என்று.

கோச் அந்த அறையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போவார். கேட்டால், "எனக்கு மூக்கு ரொம்ப சென்சிட்டிவ். உனக்குத்தான் பழகிடுச்சே" என்பார்.

பழகவில்லை. ஒவ்வொரு முறையும் வயிற்றைப் புரட்டத்தான் செய்தது. மாமனார்மீது அவளுக்குப் பெரிய பாசமும் கிடையாது. எச்சில் துப்புவார், தட்டைத் தள்ளிவிடுவார், எதிரே வரும் லாரிக்காரனைத் திட்டுவதுபோல் அவளையும் திட்டுவார். ஆனாலும் ஒரு மனுஷனை அப்படியே போட்டுவிட்டு எப்படிப் போவது? அதனால் செய்தாள்.

ஒரு சனிக்கிழமை கோச் சொன்னார்: "நாளைக்கு நடைக்கு நீயும் வரணும். பெரிய கம்பெனி ஒண்ணோட மேனேஜர் அம்மா வராங்க. அவங்களுக்குப் பிடிச்சுட்டா மொத்த ஸ்டாஃபையும் நம்மகிட்ட அனுப்பிடுவாங்க. பொண்டாட்டி கூட நின்னா ஒரு நம்பிக்கை வரும். நீ ஒண்ணும் பேச வேணாம், சிரிச்சுக்கிட்டு நில்லு."

"மாமாவை யாரு பார்த்துக்கறது?"

"தங்கச்சியை வரச் சொல்லிட்டேன்."

மறுநாள் காலை தூறல் விட்டிருந்தது. பூங்காவில் இலைகள் அழுகிச் சகதியாகியிருந்தன. மேனேஜர் அம்மா வெள்ளைக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் கம்பெனிப் பெண் ஒருத்தி கைபேசியில் படம் எடுத்தபடி வந்தாள். மற்றவர்கள் வழக்கமாக வருபவர்கள். கோச் திரும்பும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார்கள்.

விழுந்து உளுத்துப்போன ஒரு மரத்தின் அருகே கோச் நின்றார். அதன் வயிற்றில் காளான் முளைத்து, அடியில் ஏதோ செத்துக் கிடந்து நாறியது. சிலர் மூக்கைச் சுளித்தார்கள்.

"சுளிக்காதீங்க," என்றார் கோச், தேன் குரலில். "நாத்தம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அது நம்ம மனசு ஒட்டுற லேபிள். லேபிளைக் கிழிச்சுட்டு ஆழமா மூச்சு இழுங்க. எனக்கு இதைக் கத்துக்கொடுத்தது யாரு தெரியுமா? எங்கப்பா."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு. தினமும் நான்தான் அவரைச் சுத்தம் பண்றேன். ஆரம்பத்துல எனக்கும் அருவருப்பாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் அவர் பக்கத்துல உட்கார்ந்து, அந்த வாசனையை முழுசா உள்ள வாங்கினேன். அப்படியே அழுதுட்டேன். இது என்னைப் பெத்த உடம்பு இல்லையா? அன்னைக்கு அருவருப்பு போயிடுச்சு. அன்புதான் மிச்சம்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மேனேஜர் அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. கோச் கையை நீட்டினார்: "இதோ, என் மனைவி. கூடவே இருந்து பார்த்தவங்க. அவங்ககிட்டயே கேளுங்க."

எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. பின்னறையில் அத்தனை காலமும் தொண்டையோடு நிறுத்திவைத்தது, அந்த மரத்தடியில் நிற்கவில்லை. குனிந்து வாந்தி எடுத்தாள்.

"பயப்படாதீங்க, நல்லதுதான்," என்றார் கோச், ஒரு நொடிகூடத் தடுமாறாமல். "உடம்பு பழசையெல்லாம் வெளியேத்துது. மூச்சோட சக்தி இது."

இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். யோசித்துப் பேசவில்லை, வாயில் வந்தது. "வாங்களேன், எல்லாரும் வீட்டுக்கு வாங்க. எதிர்த் தெருதான். மாமாவுக்கு இப்போ சுத்தம் பண்ற நேரம். இவர் எப்படிப் பண்றார்னு நேர்லயே பார்த்துடலாம்."

"இன்னொரு நாள் பார்க்கலாம்," என்றார் கோச் அவசரமாக. "அப்பா தூங்குவாரு."

"இல்ல சார், ப்ளீஸ்," என்றாள் மேனேஜர் அம்மா. "இதைவிடப் பெரிய பாடம் எங்க கிடைக்கும்?"

கூட்டம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. வழியில் கோச் மனைவியின் முழங்கையைப் பிடித்து, பல்லைக் கடித்தபடி, "என்ன வேலை பண்ற நீ?" என்றார். அது பழைய குரல். அவள் கையை உதறிக்கொண்டு நடந்தாள்.

கதவைத் திறந்த நாத்தனார் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தாள். "அண்ணி, நல்லவேளை வந்தீங்க. அப்பா எல்லாத்தையும் பண்ணிவெச்சுட்டாரு. என்னால கிட்டவே போக முடியல." அப்புறம்தான் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். "யாரு இவங்கல்லாம்?"

"உங்க அண்ணா அப்பாவுக்குச் செய்யறதைப் பார்க்க வந்தோம்," என்றாள் மேனேஜர் அம்மா.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு, எங்க அண்ணனா? அவன் அந்த ரூம் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்லயே!"

கூட்டம் கூடத்துக்குள் வந்து நின்றது. கோச்சின் சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. "என் தங்கச்சிக்கு எப்பவும் விளையாட்டுத்தான்," என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் பின்னறைக் கதவைத் தள்ளினார். நாற்றம் கூடத்துக்குள் வந்து விழுந்தது. லேபிளைக் கிழித்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இருந்தும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கம்பெனிப் பெண் கைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

கோச் போர்வையை இழுத்தார். குச்சியாகிப்போன தொடைகள், ஈரம், படுக்கைமுழுக்க அசிங்கம். கிழவர் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார், வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தார், உயர்ந்திருந்த கைபேசியையும் பார்த்தார். இடது கையால் போர்வையைத் தேடினார், அகப்படவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. மருமகளைத்தான் பார்த்தார்.

"வேடிக்கை காட்டவா... கூட்டிட்டு வந்த?"

அவளுக்குப் பொட்டில் அறைந்ததுபோல இருந்தது. காலையிலிருந்து கணவன்மீது பொங்கிக்கொண்டிருந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவள்மீது பாய்ந்தது. கணவன் காட்டியது பொய்யை. அவள் காட்டியது ஒரு மனுஷனின் மானத்தை. பாய்ந்து போய்ப் போர்வையை மூடினாள். கைபேசிப் பெண்ணிடம், "அதை அழி. என் கண்ணு முன்னாடி அழி," என்றாள். அந்தப் பெண் அழித்ததும், எல்லாரையும் வெளியே தள்ளாத குறையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே மூன்று பேர். கோச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கையுறை அங்க இருக்கு," என்றாள். "நான் மாமாவைத் திருப்பிப் பிடிச்சுக்கறேன். நீங்க தொடைங்க."

"எனக்கு வாந்தி வருது. என்னால முடியாது."

"என்னாலயும்தான் முடியல. ஒரு நாளும் முடிஞ்சதில்ல. தொடைங்க."

அவர் துடைத்தார். பாதியில் வாளியில் வாந்தி எடுத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய மறுபடி குனிந்தார். கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி, "மெதுவாடா... டைல்ஸ்னு நினைச்சியா, இந்தத் தேய் தேய்க்கற?" என்றார்.

கதவைத் திறந்தபோது கூடத்தில் நாத்தனார் மட்டும் நின்றிருந்தாள். தரையெல்லாம் சேற்றுக் காலடிகள்.

சாயங்காலம் அவள் மாமனாருக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"தப்புத்தான் மாமா. அவர்மேல இருந்த கோபத்துல உங்களை நினைக்கல."

அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார். "பஸ்ல ஒரு பொம்பளைக்கு... பிரசவ வலி வந்துச்சு ஒரு தடவை. நான் முதல்ல பண்ணினது என்ன தெரியுமா? ஜன்னல் ஷட்டர் எல்லாத்தையும்... இறக்கச் சொன்னேன்." மூச்சு வாங்கியது. "உனக்கு அவ்வளவு அறிவு இல்லாம போச்சே."

"இல்லாமத்தான் போச்சு மாமா."

"கஞ்சில உப்பு இருக்கா?"

"இருக்கு."

வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு காலை முறை கோச்சுடையது என்றாகிவிட்டது. அவராக ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி காலையில் அந்த அறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். அப்பாவின் கூப்பாடு தெருவரை கேட்டதும் அவர் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. போனார், சபித்துக்கொண்டே. கிழவரும் பதிலுக்குச் சபித்தார்.

அந்தக் கம்பெனி வராது என்றுதான் அவள் நினைத்தாள். வந்துவிட்டது. ஊழியர்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் படங்கள் கம்பெனிக்குத் தேவைப்பட்டன. கோச் எப்படிப்பட்டவர் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. மேனேஜர் அம்மாவே கூப்பிட்டு, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், தேதி குறித்துக்கொடுத்தாள்.

சில வாரங்கள் கழித்துக் கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெண்மணி, புது ஃப்ரேமை மாட்டிப் பார்த்தபடியே, தான் போய்வந்த மூச்சு நடையைப் பற்றிச் சொன்னாள். "அந்தக் கோச் இருக்காரே, தங்கமான மனுஷன். அவர் சம்சாரத்துக்கு மனசு சரியில்லையாம். ஆள் முன்னாடியெல்லாம் அவமானப்படுத்துவாங்களாம். அவர் கோபமே படறதில்ல. ஆழமா மூச்சு இழுத்து, அந்த அம்மாவை அப்படியே மன்னிச்சுடறாராம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அவள் ஃப்ரேமைக் கழற்றி, காதில் மாட்டும் காம்பைச் சூடாக்கும் கருவியில் காட்டி, கொஞ்சம் வளைத்து, மறுபடி அந்தப் பெண்மணியின் காதில் மாட்டினாள்.

"அந்தச் சம்சாரம் நான்தாங்க," என்றாள். "காதுக்குப் பின்னாடி அழுத்துதா, பாருங்க."