நுன்சியா ரீச்சரின் இரும்பு மோதிரம்

1992ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், பலெர்மோ நகரத்து சிஞோரா நுன்சியாவின் கல்யாண மோதிரம் முப்பத்தொரு கிலோ நிறை இருந்தது. நிறுத்தவர் கப்போ சந்தை மீன் வியாபாரி. தன் மேடைத் தராசை லிபெர்த்தா வீதியிலுள்ள மூன்றாம் மாடி வீட்டுக்குத் தூக்கிவந்து, சிஞோராவின் இடது கையை அதன்மேல் வைத்து, கைக்கென்று இரண்டு கிலோ கழித்துச் சொன்னார். மோதிரம் என்னவோ மெல்லிய இரும்பு வளையம்தான். விரலில் ஒரு தடம்கூட இல்லை. அறுக்க வந்த கொல்லனின் அரம் மூன்று தேய்ந்தன. இரண்டு மருத்துவர்கள் வந்து பார்த்து, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துப் போனார்கள். எழுபத்தொன்பது வயதான சிஞோரா, பகல் முழுவதும் கையைப் பளிங்கு மேசையில் வைத்தபடி யன்னலோரம் இருப்பார். குளிப்பாட்டவும் உடுப்பு மாற்றவும் அந்தக் கையைத் தூக்குவது அகஸ்ரீனாவின் வேலை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கருவாட்டுச் சாக்குத் தூக்கிப் பழகியவள் என்பதால் அவளுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. அவளுடைய தம்பி றஞ்சித் அதே மீன் வியாபாரியிடம் மீன் வெட்டினான். இருவரும் நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஓர் அறை எடுத்து இருந்தார்கள்.

மோதிரத்தின் வரலாறு இதுதான். பாசிசக் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர் 1922இல் உரோமாபுரிக்கு நடந்துபோய் ஆட்சியை எடுத்தபோது நுன்சியாவுக்கு ஒன்பது வயது. அவர்களின் தலைவரை எல்லோரும் தூச்சே என்றார்கள். நாலைந்து வருடத்தில் மற்றக் கட்சிகள் இல்லாமற் போயின, மற்றப் பத்திரிகைகளும் போயின, பள்ளிக்கூடச் சுவரில் சிலுவைக்குப் பக்கத்தில் அவருடைய படம் ஏறியது. நுன்சியா சீசாவில் ரீச்சரானது அந்தப் படத்துக்கு முன்னால் விசுவாசப் பிரமாணம் எடுத்துத்தான். 1935இல் தூச்சே ஆபிரிக்காவிலுள்ள அபிசீனியாவின்மேல் படை அனுப்பினார், யுத்தத்துக்குப் பொன் கேட்டார். மார்கழியில் நாடு முழுவதும் பெண்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, பதிலுக்கு இரும்பு மோதிரம் வாங்கிப் போனார்கள். மணமாகி நான்கு மாதமான நுன்சியாவும் கொடுத்தார். அன்றைக்கு அந்த இரும்பு இறகுபோல இருந்தது. அடுத்த வைகாசியில் பேரரசு கிடைத்துவிட்டதென்று சதுக்கங்களில் கூட்டம் கூவியபோது ஒரு முட்டையளவு கனத்தது. 1938இல் யூதர்களைப் பள்ளிக்கூடங்களிலிருந்து நீக்கினார்கள். பக்கத்து வகுப்பு ரீச்சர் சோக்குப் பெட்டியை நுன்சியாவின் கையில் தந்துவிட்டு வெளியேறினார். நுன்சியா போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அன்று மோதிரம் அரைக் கிலோவைத் தாண்டியது. பிறகு பெரிய யுத்தம் வந்தது. கணவர் கலோஜெரோ கிரேக்க மலையொன்றில் பனியில் உறைந்துபோனார். 1943 வைகாசியில் விமானங்கள் பலெர்மோவை இடித்தன, ஆடியில் அமெரிக்கர் ஊருக்குள் வந்தார்கள், மூன்றாம் நாள் தூச்சேயை அவருடைய ஆட்களே இறக்கினார்கள். இருபது வருடத்து ஆட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. படங்கள் அடுப்புக்குப் போயின. கறுப்புச் சட்டை வைத்திருந்தவர் என்று தேடினால் நகரத்தில் ஒருவரும் இல்லை. பெண்கள் இரும்பு மோதிரங்களைத் துறைமுகத்தில் எறிந்தார்கள். நுன்சியாவினது கழலவில்லை. தூச்சே செத்த பிறகும் அது வருடத்துக்கு அரைக் கிலோ வீதம் கூடிக்கொண்டே வந்தது.

1992 வைகாசியில் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையில் மாஃபியா வைத்த குண்டு வெடித்து ஒரு நீதிபதி செத்தபின், பலெர்மோப் பெண்கள் மாஃபியாவுக்கு நாங்கள் பயப்படவில்லை என்று எழுதிய வெள்ளைப் படுக்கை விரிப்புகளை பால்கனிகளில் தொங்கவிட்டார்கள். சிஞோரா தன் வீட்டிலும் ஒன்று கட்டச் சொன்னார். அகஸ்ரீனா கட்டி முடித்து உள்ளே வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அவர்கள் பேசியது இத்தாலியனில். அகஸ்ரீனா பிறகு தன் வாயால் சொன்ன விதத்திலேயே இங்கே எழுதப்படுகிறது.

"அண்டைக்கு நான் என்ரை மோதிரத்தை மட்டும் குடுக்கேல்லை," என்றார் சிஞோரா. "சீசாவிலை ஒரு தெருவை எனக்குப் பிரிச்சுத் தந்தவை. வீடு வீடாய்ப் போய் முப்பத்தேழு மோதிரம் வாங்கினனான். தராதவையின்ரை பேரை எழுதிக் குடுக்கவேணும் எண்டு சொல்லிச்சொல்லித்தான் வாங்கினனான்."

அகஸ்ரீனா விரிப்புக்குக் கட்டிய கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டி மேசையில் வைத்தாள். "நாளைக்கு நான் வரமாட்டன், சிஞோரா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

காரணம் பாசையூரில் இருந்தது. 1990இல் இயக்கம் யுத்தத்துக்கென்று வீட்டுக்கு இரண்டு பவுண் பொன் கேட்டது. அகஸ்ரீனாவின் கணவன் கிறிகோரி கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அது. அவன் கட்டிய தாலிக்கொடியைத் தவிர வீட்டில் வேறு பொன் இல்லை. வாங்க வந்தவள் அதே கோவிலடியைச் சேர்ந்த றம்யா. கொடியிலிருந்த, புறா பொறித்த தாலியை அகஸ்ரீனா கழற்றி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்வரை, றம்யா பேர் எழுதும் கொப்பியைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. இப்போது அந்த முகம்தான் சிஞோராவின் கதிரையில் இருந்தது.

மூன்று நாள் அகஸ்ரீனா வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் றஞ்சித் குசினியில் மீன் செதிலைக் கழுவியபடி கேட்டான்.

"அக்கா, றம்யாவுக்கு அப்ப என்ன வயசு?"

"பதினேழு."

"அவள் உன்னட்டை ஏதும் சொன்னவளே?"

"ஒரு சொல்லும் இல்லை."

"இந்த மனுசி சொல்லிப்போட்டுது. அம்பத்தேழு வருசம் செண்டுதான். எண்டாலும் சொல்லிப்போட்டுது."

நாலாம் நாள் அகஸ்ரீனா போனாள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூப்பு மேசையில் ஆறிக் கிடந்தது. கை வைத்த இடத்திலேயே இருந்தது.

"அந்த முப்பத்தேழு பேரிலை எத்தினை பேர் உயிரோடை இருக்கினம்?" என்று கேட்டாள்.

"தெரியாது, பிள்ளை."

"அப்ப போய்ப் பாப்பம்."

ஒன்பது பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வியாபாரியின் மூன்று சில்லு வண்டியை றஞ்சித் வாங்கிவருவான். சிஞோராவைக் கதிரையோடு இறக்கி, பின்னால் ஐஸ் பெட்டியின்மேல் கையை வைத்து, சீசாவுக்குப் போவார்கள். முதல் வீடு அகஸ்ரீனா குடியிருந்த கட்டடத்திலேயே, கீழ் மாடியில் இருந்தது. எண்பத்தொரு வயது ஸ்ரெல்லா கதவைத் திறந்து, ரீச்சரை அடையாளம் கண்டு, சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரீச்சர், நான் தந்தது பித்தளை. வியா மக்வேதாக் கடைத்தெருவிலை வாங்கினது. பொன் மோதிரம் மாப்பானைக்குள்ளை கிடந்தது. இந்தத் தெருவிலை அரைவாசிப்பேர் அப்பிடித்தான்."

சிஞோராவும் சிரித்தார். திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் சற்று உயர்ந்திருந்தது. மறுநாள் தராசில் நான்கு கிலோ குறைந்திருந்தது. அந்த இலையுதிர் காலம் முடியுமுன் எட்டு வீடு போனார்கள். ஒருத்தி வைதாள், ஒருத்தி கோப்பி கொடுத்தாள், ஒருத்திக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மோதிரம் பதினொரு கிலோவுக்கு வந்து நின்றது.

ஒன்பதாவது வீடு யோசப்பினாவினது. மற்றவற்றையெல்லாம் சொன்ன சிஞோரா அகஸ்ரீனாவிடம் மறைத்து வைத்திருந்தது இவளுடைய கதையை. 1935இல் மோதிரம் கேட்டுப் போன அன்று யோசப்பினாவின் கணவன் வாசலில் நின்று, என் மனைவியின் மோதிரத்தை உருக்கி யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்று கேட்டான். மோதிரமும் வாங்கப்பட்டது, பெயரும் எழுதப்பட்டது. அவனை அரசியல் கைதியாக உஸ்திக்கா தீவுக்கு அனுப்பினார்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு இருமலோடு வந்து, ஐந்தாம் வருடம் செத்தான். யோசப்பினா இப்போது கண் தெரியாமல், தனியாக இருந்தாள்.

"என்ரை மோதிரம் பொன்," என்றாள்.

"தெரியும்," என்றார் சிஞோரா. "பேரை எழுதினதும் நான்தான். என்னை மன்னிச்சுக்கொள்."

"மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள் யோசப்பினா. "உனக்கு வாசிக்கத் தெரியும். வியாழக்கிழமையிலை வந்து எனக்குப் பேப்பர் வாசி."

அந்தக் கிழமையே வாசிப்பு தொடங்கியது. றஞ்சித்துக்கு வண்டி கிடைக்காத நாட்களில் அகஸ்ரீனா சிஞோராவின் கையைச் சந்தைக்குப் போகும் சில்லுப் பையில் வைத்து இழுத்தபடி, அவரை பஸ்ஸில் கூட்டிப்போனாள். சாரதிகளுக்குப் பழகிவிட்டது. யோசப்பினா மரண அறிவித்தல்களில் தொடங்கி மரக்கறி விலையில் முடிக்கச் சொல்வாள். மன்னிப்பு என்ற சொல்லை அதன்பின் இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் அறுபது எழுபது கிராம் குறைந்தது. 1994இல் தூச்சே காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்தது என்று சிலர் வானொலியில் புகழ்ந்த கிழமை மட்டும் அரைக் கிலோ கூடியது.

பங்குத்தந்தை ஒருவர் மூலம் அகஸ்ரீனா றம்யாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பொன்னைப் பற்றி எழுதவில்லை, சுகமா என்று கேட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. ஒற்றைத் தாள்தான், ஆனால் தபால்காரர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து மாடியேறி வந்தார். இயக்கத்தைவிட்டு விலகிக் கோவில் பாலர் பள்ளியில் படிப்பிப்பதாக றம்யா எழுதியிருந்தாள். அக்கா, உங்கடை முகத்தை அண்டைக்குப் பாக்கப் பயந்திட்டன் என்பது கடைசி வரி. அகஸ்ரீனா மூன்று தரம் சத்தமாக வாசித்த பிறகு தாள் மற்றத் தாள்களைப்போல இலேசானது. அவள் அதை மடித்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

1996 பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, சிஞோரா பக்கத்தைத் திருப்பக் கை எடுத்தபோது மோதிரம் விரலைவிட்டு நழுவி விழுந்து, தரையில் உருண்டு, அலுமாரிக்குக் கீழே போனது. யன்னல் துடைத்துக்கொண்டிருந்த அகஸ்ரீனா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன விழுந்தது?" என்று யோசப்பினா கேட்டாள்.

"மோதிரம்," என்றார் சிஞோரா.

யோசப்பினா கையை நீட்டினாள். மேசைமேல் தேடி, நுன்சியாவின் வெறும் விரலைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை விடாமலேயே, "சரி, வாசி," என்றாள்.

சிஞோரா வாசித்தார். சீசாவில் இனி ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் என்றும், மத்தி மீன் மலிந்திருக்கிறது என்றும் அன்றைய பத்திரிகை சொன்னது.