ஐம்பத்து நாலைத் தாண்டாத ரவுட்டர்

வீட்டில் எல்லோரும் அவளை டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் கிண்டலாக ஆரம்பித்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். அதற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். பல்பு எரியாவிட்டால் டிகிரி, பாஸ்வேர்டு மறந்தால் டிகிரி, சிலிண்டர் தூக்கவும் டிகிரி.

அன்று மூன்று மணிக்கு டிகிரிக்குக் கடைசிச் சோதனை. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் வீடியோவில் முகம் காட்டிப் பேசும் வேலை. இரண்டு வாரமாகப் பழகிக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் நன்றாகத்தான் வந்தது. படம்தான் பாதியில் உறைந்து, அவள் வாயைப் பிளந்தபடி நின்றது. மேற்பார்வையாளர் மேடம் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நெட் வேகம் முப்பதுக்குக் கீழ இருந்தா எங்களால எடுக்க முடியாதும்மா. உங்க பக்கம் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். படித்து முடித்து இரண்டு வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

காலையிலிருந்து அளந்து அளந்து பார்த்தாள். இருபது. இருபத்தொன்று. ஒருமுறை பதினெட்டு.

ரவுட்டர், அம்மா தரை துடைக்கும் ஆபீசில் குப்பைக்குப் போகவிருந்த ஒன்று. உள்ளேயிருந்த மென்பொருள் பாஸ்வேர்டு கேட்டு முரண்டு பிடித்தது. ஒட்டடை என்று பட்டப்பெயர் வாங்கிய காலேஜ் தோழனின் யோசனைப்படி அதைத் துடைத்தெறிந்துவிட்டு, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் திறந்த மென்பொருளை ஏற்றியிருந்தாள். ஏற்றிய அன்று கால் தரையில் பாவவில்லை. இன்று அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

தன் பழைய லேப்டாப்பைக் கேபிளில் செருகினால் தொண்ணூறு வந்தது. கேபிளைப் பிடுங்கி வைஃபையில் பார்த்தால் இருபது. அப்படியானால் வெளியிலிருந்து வரும் லைனில் குற்றமில்லை. கம்பெனி கொடுத்த லேப்டாப்பிலோ கேபிள் செருக ஓட்டையே கிடையாது. யூஎஸ்பி ஓட்டைகளையும் பூட்டித்தான் அனுப்பியிருந்தார்கள், வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் திருடர்கள் என்பதுபோல.

சேனலை மாற்றினாள். ரவுட்டரைப் பரணில் வைத்தாள், ஜன்னலில் வைத்தாள், அரிசி டிரம்மின் மேல் வைத்தாள். அண்ணனின் செல்போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"ஏய், ஆட்டம் பாதியில இருக்கு!"

"உன் ஆட்டத்தாலதான் என் பொழைப்பு ஆடுது. கொஞ்ச நேரம் மனுஷனா இரு."

"பெரிய டிகிரி. ஒரு டப்பாவை ஓட வைக்கத் தெரியல, இதுக்கு மூணு வருஷம் படிப்பு" என்று முனகியபடி அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுபடி அளந்தாள். இருபதுதான்.

முன்னறையில் அண்ணியின் பிரிண்டர் கரகரத்துக்கொண்டிருந்தது. தையல் ஆலையில் முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்தவள் அண்ணி. மூன்று மாதம் முன்பு பழைய வயர்லெஸ் பிரிண்டர் ஒன்றைப் பிடித்து வந்து, தெருப்பக்க ஜன்னலோரம் வைத்து, செல்போனுக்கு ஆட்கள் அனுப்புவதை அச்செடுத்துக் கொடுத்தாள். ஆலையில் பதினோரு வருடம் 'ஏய்' ஆக இருந்தவளை ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் 'மேடம்' என்றார்கள். அதைக் கேட்பதற்காகவே தினமும் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு உட்காருவாள். டிகிரிக்கு அது சிரிப்பாக இருக்கும். அன்று சிரிக்க நேரமில்லை.

ஒட்டடைக்குப் போன் போட்டாள்.

"ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பேஜ்ல உன் லேப்டாப்புக்கு நேரா என்ன வேகம் காட்டுது?"

"ஐம்பத்து நாலு. ஆனா வர்றது இருபதுதான்டா."

"வேற எந்த மெஷினாவது அதுக்கு மேல போகுதா?"

பார்த்தாள். எல்லாமே ஐம்பத்து நாலு. பக்கத்திலிருந்தாலும் தள்ளியிருந்தாலும் அதே.

"லூசு, ரவுட்டரோட வைஃபை ரேடியோவையே பழைய முறையில வச்சிருக்க. அதுல உச்சமே ஐம்பத்து நாலு, கைக்கு வர்றது பாதிகூட இருக்காது. வீடு பூரா கட்டை வண்டியில போயிட்டிருக்கு. யாருடி அப்படி வச்சது?"

வைத்தவள் அவள்தான். பிரிண்டர் வந்த அன்று அது சிக்னலையே கண்டுகொள்ளவில்லை. புது முறையில் பேசினால் அதற்கு விளங்காது. அண்ணி பின்னாலேயே நின்று, "கொஞ்சம் பாரும்மா, நீதான் பாக்கணும்" என்று கெஞ்சினாள். தொல்லை விட்டால் போதுமென்று ரவுட்டரைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டு, அப்புறம் அதை மறந்தேபோனாள்.

"ரெண்டு பேர்ல தனித்தனியா நெட்வொர்க் வைக்கலாமா?"

"ரேடியோ ஒண்ணுதான்டி. முறையும் ஒண்ணுதான் இருக்கும். பிரிண்டரைக் கேபிள்ல மாட்டு."

"அந்த ஓட்டை உடைஞ்சுபோச்சு. அதனாலதான் மலிவா கெடச்சுது."

"அப்ப இன்னொரு ரவுட்டர் பாரு. இன்னைக்கு ஆகாது. ஆமா, அண்ணிகிட்ட சொல்லிட்டு மாத்து."

சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணி மூக்கைச் சிந்துவாள், அண்ணன் எழுந்து வருவான், அம்மா இருவருக்கும் நடுவில் நிற்பாள், மூன்று மணி கடந்துவிடும். முன்னறையை எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மாள், கையில் பிளாஸ்டிக் கவரோடு. அண்ணி அவளிடம், "அவசரப்படாதீங்க, ஒண்ணொண்ணா எடுத்துத் தர்றேன்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிகிரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ரவுட்டரைப் புது முறைக்கு மாற்றிச் சேமித்தாள். ரவுட்டரின் விளக்கு அணைந்து எரிந்தது. அளந்தாள். அறுபத்து மூன்று.

சோதனை ஆரம்பித்த சற்று நேரத்திலேயே கதவு தட்டப்பட்டது.

"டிகிரி, மெஷின் நின்னுபோச்சு. ஒரு நிமிஷம் வாயேன்."

மேடம் திரையில் புன்னகைத்தார். டிகிரியும் புன்னகைத்தாள்.

"இன்னைக்குப் படம் ரொம்பத் தெளிவா இருக்கும்மா."

"தேங்க்யூ மேடம்."

கதவுக்கு அப்பால் பிரிண்டரின் மூடியைத் திறந்து அறைந்து மூடும் சத்தம். மறுபடி அறையும் சத்தம். பிறகு அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது. விண்ணப்பம் கொடுக்க இன்றோடு கடைசித் தேதி, முதலிலேயே முடியாதென்று சொல்லித் தொலைத்திருக்கலாமே, வேறு கடைக்காவது ஓடியிருப்பேனே. அண்ணி என்ன சொன்னாளென்று கேட்கவில்லை. டிகிரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பொருளைத் திருப்பி அனுப்பும் விதிமுறையைப் பிசகாமல் சொன்னாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து முழு நேரம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். வாழ்த்துக்கள்" என்றார் மேடம்.

அண்ணியின் கடையும் காலையிலிருந்து சாயங்காலம் வரைதான்.

வெளியே வந்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மை பட்ட கையால் நெற்றியைத் துடைத்ததில் பவுடரோடு கறுப்பு இழுகியிருந்தது.

"கொஞ்சம் பாரும்மா. காலையில நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் எதையோ அமுக்கிட்டேனோ?"

டிகிரி குனிந்தாள். நாலு பொத்தானை அமுக்கினாள். எல்லாம் தெரிந்தவளைப்போலப் பின்பக்கம் தட்டிப் பார்த்தாள். இன்னொரு ரவுட்டர் வாங்கினால் போதும் என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் 'அப்ப என்ன மாத்தினே?' என்ற கேள்வி வரும். 'அதுவரைக்கும் பழையபடி வச்சிடேன்' என்று வரும்.

"பழசாயிடுச்சு அண்ணி. உள்ள போர்டு போயிருக்கும். செலவு பண்ணிப் பிரயோஜனமில்ல."

"அப்படியா?"

"ஆமா."

அண்ணி சண்டை போட்டிருக்கலாம். எப்போதும்போல, 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்டிருக்கலாம். டிகிரி அதற்காகக் காத்திருந்தாள்கூட.

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அண்ணி. முதுகைப் பிடித்தபடி எழுந்தாள். "உன் வேலை என்னாச்சு?"

"கெடச்சிருச்சு."

"நல்லாயிரு."

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'பிரிண்ட் எடுத்துத் தரப்படும்' என்ற தாளை அண்ணி நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். டேப் பிடிவாதமாக ஒட்டியிருந்தது.

"அந்த மேல் மூலை எனக்கு எட்டல, கொஞ்சம் கிழிச்சு விடு" என்றாள்.

டிகிரி எட்டிக் கிழித்தாள்.