பதினாலு அடி நடந்த மீன்

என் வீட்டுக்காரருக்குத் துடைக்கிற பைத்தியம். எதைக் கண்டாலும் துடைப்பார். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உட்காருவார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

இந்த மனிதருக்கு மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர் வேலை, அதுவும் தற்காலிகம். அங்கே ஒரு பேராசிரியை, பனையேறிக் கெண்டை தரையில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று ஆராய்கிறார். உள்ளங்கை நீள மீன்தான். தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் மணிக்கணக்கில் சாகாதாம். செவுள் மூடியில் இருக்கிற முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்திக்கொண்டு போகுமாம். எல்லாம் புத்தகத்தில்தான். இவர்கள் கூடத்தில் மூன்று மாதமாக ஒரு மீன்கூட ஒரு சாண் நகரவில்லை. தரையில் விட்டால் நாலு துள்ளு துள்ளிவிட்டு, கல்லுளிமங்கன் மாதிரி கிடக்குமாம்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு மீனாவது நடக்கணும். இல்லேன்னா ஆராய்ச்சிய மூடிடுவாங்க. என் வேலையும் போச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குக் கழுவி வைத்த தட்டை இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டுத் தரை வெறும் சிமென்ட், சொரசொரவென்று இருக்கும். நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து பேன்ட் வெட்டித் தைப்பது, ஜிப் மாற்றுவது என்று வேலை செய்கிறேன். கீழே விழுந்த துணி ஒவ்வொன்றும் நூல் பிரிந்துதான் மேலே வரும். "அண்ணி, உங்க வீட்டுத் தரையில தேங்காயே துருவலாம்" என்று என் நாத்தனார் வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஒன்பது வருஷமாக டைல்ஸ் கேட்கிறேன். "வேலை நிரந்தரமாகட்டும்" என்பதுதான் ஒன்பது வருஷமும் பதில்.

அந்தச் சனிக்கிழமை கூடத்தில் கரையான் மருந்து அடித்தார்கள். இரண்டு நாளைக்கு உள்ளே ஒரு ஜீவன் இருக்கக்கூடாது என்று உத்தரவு. இவர் ஆறு மீன்களையும் மூடி போட்ட நீல வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஒண்ணு குறைஞ்சாலும் மாசக் கடைசி வரைக்கும் கூட காத்திருக்க வேணாம். உடனே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் வாளி திறந்து கிடக்கிறது.

"ஏங்க, மூடி எங்கே?"

"அழுக்கா இருந்துச்சு. துடைச்சு வெயில்ல காய வெச்சிருக்கேன்."

எண்ணிப் பார்த்தோம். ஐந்து. மறுபடி எண்ணினோம். ஐந்தேதான். அவர் பேயறைந்த மாதிரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்த வாளியிலேயே போட்டு மூடியிருப்பேன். மூடிதான் வெயிலில் காய்கிறதே!

அப்போதுதான் பார்த்தேன். துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் முந்தின நாள் என் காலடியில் நசுங்கி, இவர் கண்ணில் படாமல் மிஷினுக்கு அடியில் தூளாகக் கிடந்தது. அந்தத் தூளிலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி, கட்டில் காலைச் சுற்றி, வளைந்து நெளிந்து குளியலறைக்குள் போயிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிப் புள்ளிகள். பின்னாலேயே ஓடினேன். குளியலறை மூலையில், ஈரத்தில், பாதி நீலமாக உட்கார்ந்திருந்தது ஆறாவது மீன். செவுள் மூடியைத் திறந்து திறந்து மூடி என்னையே பார்த்தது.

"கெடைச்சிடுச்சு! ஏங்க, இது நடந்திருக்குங்க!"

திரும்பினால் இந்த மனிதர் ஈரத் துணியும் கையுமாக அந்தக் கோட்டுக்கு மேல் குனிந்திருக்கிறார்.

"தொட்டீங்கன்னா பாருங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

"இல்லம்மா, கறை பிடிச்சிடும்..."

"உங்க வேலையவே துடைச்சு எடுக்கப் போறீங்களே, கொஞ்சமாவது அறிவு வேணாமா?"

துணியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். மீனை வாளியில் விட்டேன். பிறகு கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, கோடு வளைந்த இடமெல்லாம் டேப்பையும் வளைத்து அளந்தேன். பதினாலு அடி இரண்டு அங்குலம். பேராசிரியைக்கு போன் போட்டதும் நான்தான்.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்தவர் நேராக என் தரையில் குப்புறப் படுத்துக் கோட்டையே பார்த்தார். பிறகு மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விட்டார். ஆறும் ஒருக்களித்துப் படுத்து, முள்ளை ஊன்றி, வாலை அடித்து, டக் டக்கென்று கிளம்பின. நம்பமாட்டீர்கள், ஒன்று என் மிஷினின் மிதியில் ஏறப் பார்த்தது.

பேராசிரியை படுத்தவாறே தலையைத் திருப்பினார். "அண்ணே, அங்க மீன விடுறதுக்கு முன்னாடி தரைய என்ன பண்ணுவீங்க?"

"சுத்தமா வெச்சிருப்பேன் மேடம்" என்றார் இவர் பெருமையாக. "சோப்பு போட்டுக் கழுவி, பாலிஷ் போட்டு, காஞ்ச துணியால மூணு தடவை துடைப்பேன். டைல்ஸ்ல முகம் தெரியும்."

பேராசிரியை எங்கள் சொரசொரத் தரையைக் கையால் தடவிக் காட்டினார். அதன் மேல் கடைசி மீன் இன்னும் டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தது. இவருக்கு மெல்லப் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது எனக்கு. வைதால் நான் வைவேன், இன்னொருத்தர் வைய விடமாட்டேன்.

"மேடம், நீங்களும் மூணு மாசமா அந்தத் தரையப் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பார்த்தேன்க்கா. பார்த்து, எவ்ளோ பளபளன்னு இருக்குன்னு பாராட்டவும் செஞ்சேன்" என்று பேராசிரியை அசடு வழிந்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், எழுந்திருக்கவே முடியவில்லை அவரால்.

கூடத்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, என் வீட்டுத் தரையைப் பார்த்து அதே மாதிரி சொரசொரவென்று சிமென்ட் பூசினார்கள். மீன்கள் அங்கே ஓடாத குறைதான். இவர் வேலை நிரந்தரமானது. பெயர்த்த டைல்ஸை என்ன செய்வது என்று யோசித்த பேராசிரியை, அதை எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஒன்பது வருஷத்து ஆசை! நான்கு டைல்ஸ் குறைந்ததில் மிஷினுக்கு அடியில் மட்டும் பழைய சிமென்ட் தங்கிவிட்டது. அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டேன்.

கூடத்தில் துடைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே, அந்தக் கையரிப்பையெல்லாம் இவர் வீட்டில் தீர்த்துக்கொள்கிறார். சோப்பு, பாலிஷ், மூன்று தடவை துடைப்பு. முகம் தெரிகிறது. முதல் நாளே நான் விழுந்து என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டைல்ஸ் பார்க்க நாத்தனார் வந்தாள். இரண்டு கையிலும் டீ டம்ளரோடு, சுவரில் முழங்கையை ஊன்றி ஊன்றிப் போய்ச் சேர்ந்தேன்.

"என்ன அண்ணி, கால்ல அடியா?"

"இல்ல, தரை அழகா இருக்கேன்னு நிதானமா நடக்குறேன்."

போன வாரம் இவர் கூடத்தின் ஸ்டோர் ரூமிலிருந்து நான்கு டைல்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "மிஷினுக்கு அடியிலயும் போட்டுடலாம்மா!"

நான் அந்தச் சிமென்டில் இரண்டு காலையும் அழுத்தி வைத்துக்கொண்டேன். வீட்டிலேயே நான் பயமில்லாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

"வேணாம். மிஷினுக்குப் பிடிப்பு வேணும்."

அவர் என் காலைப் பார்த்தார். சுவரில் உரசி உரசி என் முழங்கையில் ஆன காயத்தைப் பார்த்தார். "மிஷினுக்கா?" என்றார்.

"ஆமா, மிஷினுக்குத்தான். போய் வேலையப் பாருங்க."